சீட்டை இறக்கினால் மட்டும் போதாது

முதல் ரோடு பைக் வாங்க வருகிறவர்கள் கடைக்காரரிடம் எடுத்த எடுப்பில் கேட்பது இரண்டு கேள்விகள். எத்தனை கியர்? எவ்வளவு குறைப்பீர்கள்? இரண்டுமே கேட்க வேண்டியவைதான், ஆனால் கடைசியாக. முதல் பேரம் சைஸுக்காக நடக்க வேண்டும். சைஸ் தவறிய வண்டியை அரை விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பேன்.

கோவையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு விடியற்காலைகளில் சிறுவாணி ரோட்டிலும் ஆனைகட்டி ரோட்டிலும் சைக்கிள் ஓட்டுகிறேன். தெரிந்தவர்கள் வண்டி வாங்கும்போது துணைக்குக் கூப்பிடுவார்கள், இன்ச் டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். அண்மையில் எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் வேலைபார்க்கும் பெண்ணோடு போனேன். அவள் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கடையில் அவளுக்குப் பிடித்துப்போன வண்டி 54 சைஸ். சின்ன சைஸ் இருக்கிறதா என்று கேட்டதற்குக் கடைப்பையன் சொன்னான்: "இதே போதுங்க மேடம், சீட்டை இறக்கிக்கலாம்."

பெண்களிடமும் உயரம் குறைந்த ஆண்களிடமும் இதைச் சொல்லியேதான் பல கடைகளில் வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள். சீட்டை இறக்கினால் கால் எட்டும், சரி. கை? சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிரேம். அது நீளமாக இருந்தால் முழங்கை விறைத்து நிற்கும், உடல் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். இருபது கிலோமீட்டருக்குள் பிடரி வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பகுதியைப் பிடித்தபடி இறக்கத்தில் வரும்போது, சின்னக் கை உள்ளவர்களுக்கு லீவர் விரல் நுனிக்குத்தான் சிக்கும். பல லீவர்களில் அதை உள்ளே இழுத்துத் தர ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதையே கடையில் யாரும் சொல்வதில்லை.

வீட்டிலேயே அளந்துகொண்டு போகலாம். செருப்பில்லாமல் சுவரோரம் நிமிர்ந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில் சீட்டில் உட்காருவது போல நன்றாக மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். என்னோடு வந்த பெண்ணுக்கு 72 சென்டிமீட்டர் வந்தது. இதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் சுமாராகக் கிடைக்கும். டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கு இது. அவளுக்கு 63.6. அதே 72-ஐ 0.67-ஆல் பெருக்கினால் பிரேம் சைஸ் 48-ஐ ஒட்டி வரும். 54 எங்கே, 48 எங்கே! சைஸ் எண்ணைக் கம்பெனிக்குக் கம்பெனி வெவ்வேறு விதமாக அளக்கிறார்கள் என்பதால் அதோடு நிறுத்தாமல், அளவு அட்டவணையில் ரீச், ஸ்டாக் என்ற இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஹேண்டில் எவ்வளவு தூரம் தள்ளி, எவ்வளவு உயரத்தில் வரும் என்பதை அவை சொல்லிவிடும்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே சைக்கிள் கற்றார்கள். என் சித்தியும் அதில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். நடுவிலிருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அன்றைக்கு வண்டி கிடைத்ததே பெரிய காரியம். இன்றைக்கு ஐம்பதாயிரம் ரூபாயை எண்ணி வைக்கிற பெண்ணிடமும் "இருக்கிறதை ஓட்டிக்கோ" என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சின்ன சைஸ் விற்பதில்லை, அதனால் வைப்பதில்லை என்கிறார்கள். வைக்காததை யார் வாங்குவார்கள்?

எனவே பேரத்தை இப்படித் தொடங்கச் சொல்கிறேன். சரியான சைஸை வரவழைத்துக் காட்டுங்கள், அட்வான்ஸ் தருகிறேன், உட்கார்ந்து பார்த்து ஒத்துவராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். இதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். இயற்பியல் துறைப் பெண்ணோடு நான் போன கடையின் முதலாளி முதலில் தயங்கினார், பிறகு எழுதிக் கொடுத்தார். 48 சைஸ் வண்டி வந்தது. அதிலும் ஹேண்டில் ஒரு பொட்டு தள்ளியே இருந்தது. ஹேண்டிலைத் தாங்கி நிற்கும் 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 80 போடச் சொன்னோம். மாட்டி உட்கார்ந்ததும் அவள் முழங்கை தானாக மடங்கியது. "அக்கா, இப்பத்தான் கை லூஸா இருக்கு" என்றாள். ஸ்டெம்முக்குத் தனியாகக் காசு வாங்கக் கூடாது என்பதையும் அங்கேயே பேசி முடித்தோம்.

கியர் விஷயத்துக்கு வருகிறேன். பதினாறா, இருபத்தொன்றா என்ற எண்ணிக்கையால் ஏற்றத்தில் ஒரு பயனும் இல்லை. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்தில் எத்தனை பல் என்று கேளுங்கள். முன்னே 34, பின்னே 28 என்றால் சமவெளிக்குத் தாராளம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற நினைக்கும் புதியவருக்குப் பின்னே 32 அல்லது 34 இருந்தால் முழங்கால் வாழ்த்தும். கியர் மாற்றும் பின் டீரெய்லர் அதைத் தாங்குமா என்று கேட்டுவிட்டு, வாங்கும்போதே மாற்றித் தரச் சொல்லலாம். டயரும் அப்படித்தான். 25 மில்லிமீட்டர் டயரோடு வரும் வண்டியில் 28 அல்லது 32 போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் சாலைகளின் ஓரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அகலமான டயர்தான் நல்லது.

விலைக்கு வருவோம். விலைச் சீட்டு ஒட்டிய, பல கிளைகள் கொண்ட பெரிய கடைகளில் பேரத்துக்கு இடமில்லை. டீலர் கடைகளில் உண்டு. போன வருட மாடலுக்கும் இந்த வருட மாடலுக்கும் பல நேரங்களில் பெயின்ட் மட்டுமே வித்தியாசம். போன வருடத்து வண்டி உங்கள் சைஸில் நின்றுகொண்டிருந்தால் அதில் நன்றாகக் குறைப்பார்கள். ஓர் எல்லைக்கு மேல் பணத்தில் இறங்கி வராவிட்டால் பொருளாகக் கேளுங்கள்: ஹெல்மெட், முன்பின் விளக்கு, இரண்டு டியூப், டயர் கழற்றும் லீவர். ரோடு பைக் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். பஞ்சர் கடைக் காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. விரல் நுனியில் நிற்கும் பித்தளை அடாப்டர் ஒன்றைத் திருகினால் பொருந்திவிடும். சொற்பக் காசுதான், ஆனால் அது இல்லாமல் தொண்டாமுத்தூர் தாண்டி நின்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 50,000 ரூபாய் வண்டி என்றால் 56,000 இருந்த இடத்தில் 52,500. பழைய விலையை வைத்துக்கொண்டு, அந்த 3,500 ரூபாயைத் தள்ளுபடி போலக் காட்டினால் ஏமாறாதீர்கள். அது அரசு விட்டுக்கொடுத்த பணம், கடைக்காரர் தருவது அல்ல.

பழைய வண்டியை வாங்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வாங்கலாம். ஆசையாக வாங்கி பால்கனியில் நிறுத்திய வண்டிகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. ஒரு ஸ்டீல் ஸ்கேல் மட்டும் எடுத்துப் போங்கள். செயினின் ஒரு பின்னை ஸ்கேலின் பூஜ்யத்தில் வைத்தால், சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின் நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு என்றால் பின்சக்கரப் பற்களையும் பெரும்பாலும் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விற்பவர் முன்னாலேயே கழித்துப் பேசுங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டிலின் கழுத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். பெடல் அச்சின் அடியில் வழக்கமாகப் பொறித்திருக்கும் பிரேம் எண்ணைப் பில்லோடு ஒப்பிடுங்கள். பில் இல்லை என்று மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு வண்டியாக இருக்கலாம்.

இவ்வளவும் எதற்கு என்றால், முதல் வண்டி வாங்குகிறவர்களில் பலருக்கு மனதில் 200 கிலோமீட்டர் பிரவே, அதாவது குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், இருக்கிறது. அதை முடிக்க 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். அத்தனை நேரம் உடம்பும் வண்டியும் ஒன்றாகப் போக வேண்டும். புது வண்டியில் முதல் சில வாரங்களில் கியர் கேபிள் இளகும், ஸ்போக் தளரும், கியர் தாவத் தொடங்கும். ஆகவே முதல் சர்வீஸ் இலவசம் என்று வாயால் சொன்னால் போதாது. தேதி போட்டு, சக்கரக் கோட்டம் எடுப்பதையும் சேர்த்து, பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.