தட்டுக்கு ஏத்த சைஸ்... ஸ்னாப்பர் மீன்களுக்கு இதுதான் சிக்கலே!

ரெஸ்டாரன்டில் முழு மீன் ஆர்டர் செய்தால், தட்டில் அழகாக அடங்கும் சைஸில் வரும். அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. அமெரிக்க மார்க்கெட்டும் ஸ்னாப்பரை இந்த சைஸில்தான் விரும்பிக் கேட்கிறது. ஆனால், இந்த சைஸில் பிடிபடும் பெரிய இன ஸ்னாப்பர்கள் இன்னும் குட்டிகள், ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது.

ஸ்னாப்பர் ஏற்றுமதியில் முக்கியமான நாடு இந்தோனேசியா. அங்கே இதன் பெயர் 'காகாப் மேரா'. நம்ம ஊரில் சங்கரா என்று வாங்கும் சிவப்பு மீன்களில் சிலவும் இதே குடும்பம்தான். அங்கே அதிகம் பிடிபடும் ஓர் இனத்தின் அறிவியல் பெயர் லுட்ஜானஸ் மலபாரிகஸ். ஆமாம், மலபார் கரையின் பெயரேதான்!

சரி, கடலில் இன்னும் எவ்வளவு மீன் மிச்சம் இருக்கிறது? எண்ணிப் பார்க்க வழியில்லை. 50 மீட்டரில் தொடங்கி 500 மீட்டர் ஆழம் வரை தூண்டில் போடுகிறார்கள். சிக்குவது 100-க்கும் மேற்பட்ட இனங்கள். எல்லாவற்றையும் 'ஸ்னாப்பர்' என்று ஒரே வரியில் எழுதினால், எந்த இனம் குறைகிறது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு 'தி நேச்சர் கன்சர்வன்சி' அமைப்பு அங்கே கையாண்ட வழி ரொம்ப எளிமையானது. பிடித்த மீனை அளவுப் பலகையில் வைத்து, படகில் இருப்பவர்களே ஒரு போட்டோ எடுக்கிறார்கள். அவ்வளவுதான். கரையில் இருக்கும் ஆய்வாளர்கள் போட்டோவைப் பார்த்து இனத்தையும் நீளத்தையும் குறித்துக்கொள்கிறார்கள்.

வெறும் நீளத்தை வைத்து என்ன தெரியும்? நிறையவே தெரியும். மலபாரிகஸ் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. முட்டையிடும் பருவத்துக்கு வர சுமார் 50 செ.மீ. வளர வேண்டும். பிடிபடுவதில் பெரும்பகுதி அதற்கும் குறைவு என்றால், கடலில் தாய் மீன்கள் அருகிவிட்டன, அல்லது குட்டிகள் இருக்கும் இடமாகப் பார்த்துத் தூண்டில் போடுகிறார்கள் என்று பொருள். இரண்டுமே நல்ல செய்தி இல்லை. மெக்சிகோ வளைகுடா சிவப்பு ஸ்னாப்பர் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு: 61 செ.மீ. நீளமுள்ள ஒரே ஒரு தாய் மீன் இடும் முட்டைகளை, 42 செ.மீ. மீன்கள் இட வேண்டுமானால் 212 மீன்கள் தேவை!

'சின்னதைத் திரும்பக் கடலில் விட்டுடலாமே?' என்று தோன்றும். நண்டு போல நினைத்தால் தப்பு. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும்போது அழுத்தம் குறைந்து, மீனின் காற்றுப்பை ஊதிவிடும். வயிறு வாய் வழியாகப் பிதுங்கிய மீனை விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. அதனால், குறைந்தபட்ச நீளம் என்று காகிதத்தில் ஒரு விதி போட்டால் மட்டும் மீன் தப்பாது.

மீனவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சின்ன மீனுக்கு நல்ல விலை கிடைத்தால் படகு குட்டிகள் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். வாங்கும் நிறுவனங்கள் பெரிய இனங்களின் குட்டிகளை மறுத்தால்தான் படகின் திசை மாறும். தட்டு சைஸ்தான் வேண்டும் என்றால், அந்த அளவிலேயே முட்டையிடும் லுட்ஜானஸ் விட்டா போன்ற சின்ன இனங்கள் இருக்கின்றன. எது எந்த இனம் என்று தெரிந்தால் போதும்.

ஆனால், ஏற்றுமதியாளர் வேண்டாமென்ற மீன் உள்ளூர் சந்தையில் விலைபோய்விடும். அந்த ஓட்டையை நிறுவனங்களால் அடைக்க முடியாது. இந்தோனேசியக் கடல் 11 மீன்பிடி மேலாண்மைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பகுதியில் எத்தனை படகுகள் போகலாம் என்று முடிவு செய்ய வேண்டியது அரசுதான். அதற்குத் தேவையான அளவுகள் அந்த போட்டோக்களில் ஏற்கெனவே இருக்கின்றன.