காற்றாலை சுழன்றால் லாரி ஓடுமா?

எண்ணெய்க்கு மாற்று உண்டா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் தரும் விடை ஒன்றே: "காற்று இருக்கிறது, கதிரவன் இருக்கிறான், கவலை எதற்கு?" கேட்பதற்கு இனிய விடைதான். ஆனால், அது பாதி விடை என்பதே என் கருத்து.

1973ஆம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களிலேயே கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அன்று உலகம் பட்ட பாட்டை நாம் மறந்துவிடலாகாது. இன்றும் இந்தியா தன் கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. எங்கோ போர் மூண்டு எண்ணெய் விலை ஏறினால், லாரி வாடகை ஏறி, நம் வீட்டுக் காய்கறி விலையும் ஏறிவிடும்.

தமிழகம் இதில் வாளாவிருக்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றை முப்பந்தல் காற்றாலைகள் மின்சாரமாக்குகின்றன. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. பெருமைப்பட வேண்டியவையே! ஆனால், இவற்றால் மிச்சமாவது எது? பெரும்பாலும் நிலக்கரி. நம் நாட்டு மின்நிலையங்களில் மிகுதியாக எரிவது அதுதான். எண்ணெய் எரிவதோ லாரியில், பேருந்தில், மோட்டார் சைக்கிளில், டிராக்டரில். முப்பந்தலில் ஆயிரம் காற்றாலைகள் சுழன்றாலும் டீசல் லாரி குடிக்கும் டீசலில் ஒரு சொட்டும் குறையாது.

ஆகவே, மாற்ற வேண்டியது எரிபொருளை மட்டுமன்று, எந்திரத்தையும்தான். இதற்கு ரயில் நல்ல சான்று. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்று நாட்டின் அகலப் பாதைகளில் மிகப் பெரும்பகுதி மின்மயமாகிவிட்டது. மின்சாரத்தை நிலக்கரி தந்தால் என்ன, காற்று தந்தால் என்ன? ரயிலுக்கு இரண்டும் ஒன்றே. நகரப் பேருந்தும் இருசக்கர வண்டியும் இவ்வழியில் செல்ல முடியும். செல்லத் தொடங்கியும் விட்டன.

எல்லாவற்றையும் இப்படி மாற்றிவிடலாமா எனின், இயலாது என்பேன். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் உண்டு. ஒரு கிலோ லித்தியம் பாட்டரியில் கால் யூனிட் தேறுவதே அரிது. மின்மோட்டார் ஆற்றலை வீணாக்குவது குறைவுதான். ஆயினும் கடல் கடக்கும் விமானத்துக்கு அந்தச் சுமை தாங்காது. சாலைக்குத் தாரும், பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளும் எண்ணெயிலிருந்தே வருகின்றன. காற்றும் ஆடியில் வீசுவதுபோல் ஆண்டு முழுவதும் வீசுவதில்லை.

எனவே, எண்ணெய்க்கு மாற்று உண்டா என்று பொதுவாகக் கேட்பதை விடுத்து, எந்த வேலைக்கு மாற்று உண்டு என்று கேட்போம். மாற்று உள்ள இடத்தில் இன்றே மாறுவோம். இல்லாத இடத்துக்கு எண்ணெயைச் சேமித்து வைப்போம். ஒருவர் செல்ல ஒரு வண்டி என்பதை விட்டு, பேருந்திலும் ரயிலிலும் செல்வது அதன் முதற்படி. அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை, நண்பர்களே. மனம் இருந்தால் போதும்!