பச்சை இலையை வெளுக்க வைக்கும் விஷம்

பயிருக்கு வாய் இல்லை. ஆனால் சமையல் அறை உண்டு. இலைதான் அந்தச் சமையல் அறை!

வேர் தண்ணீரை அனுப்புகிறது. காற்றில் இருக்கும் கரியமில வாயு இலைக்குள் நுழைகிறது. சூரிய வெளிச்சம் அடுப்பாக இருக்கிறது. பயிர் தனக்கு வேண்டிய உணவை அங்கே தயாரித்துக் கொள்கிறது. இதற்கு "ஒளிச்சேர்க்கை" என்று பெயர். இந்த வேலைக்கு இலையில் உள்ள பச்சை நிறப் பொருள் வேண்டும். அதுதான் பச்சையம். பச்சையம் இல்லை என்றால் நெல் இல்லை. நெல் இல்லை என்றால் சோறு இல்லை.

அந்தப் பச்சையத்தைக் கெடுக்கும் விஷம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் காட்மியம். அது ஓர் உலோகம். துத்தநாகத்தோடு சேர்ந்து மண்ணுக்கு அடியில் கிடப்பது. சுரங்கக் கழிவு, முலாம் பூசும் ஆலைகளின் கழிவு, சிலவகை பாட்டரிகள், சில பாஸ்பேட் உரங்கள் ஆகியவற்றில் இருந்து அது வயலுக்கு வந்து சேருகிறது.

வந்து என்ன செய்கிறது?

பச்சையம் உண்டாவதற்கு இரும்புச் சத்தும் மக்னீசியமும் தேவை. அவை பயிருக்குச் சரியாகப் போய்ச் சேராமல் காட்மியம் தடுக்கிறது. இலை மஞ்சளாக வெளுக்கிறது. இலையில் உள்ள நுண்ணிய துளைகள் மூடிக்கொள்கின்றன. கரியமில வாயு உள்ளே போவது குறைகிறது. பயிர் குட்டையாகிறது. விளைச்சல் குறைகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. காட்மியம் கொஞ்சமாக இருந்தால் இலை வெளுக்காது. பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கும். விஷமோ நெல் மணிக்குள் போய்விடும். பயிர் தாங்கும் விஷத்தை மனித உடம்பு தாங்காது!

ஜப்பான் நாட்டில் இதுதான் நடந்தது.

அங்கே டோயாமா மாநிலத்தில் ஜின்சு என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேற்பகுதியில் காமியோகா சுரங்கம். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்தது. அந்தத் தண்ணீர் வயலில் பாய்ந்தது. "பயிர் கெடுகிறது" என்று விவசாயிகள் முறையிட்டார்கள். பிறகு மனிதர்களுக்கு நோய் வந்தது. பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கு வந்தது. சிறுநீரகம் கெட்டது. எலும்பு மெலிந்து முறிந்தது. "இட்டாய், இட்டாய்" என்று அவர்கள் கதறினார்கள். "வலிக்கிறது, வலிக்கிறது" என்பது அதன் பொருள். அதுவே நோயின் பெயரும் ஆயிற்று.

உள்ளூர் டாக்டர் ஹகினோ நொபோரு, காட்மியம்தான் காரணம் என்று 1961-ல் அறிவித்தார். 1968-ல் ஜப்பான் அரசாங்கம் அதை ஒப்புக்கொண்டது. 1971-ல் கோர்ட்டில் நோயாளிகள் வென்றார்கள். 1972-ல் கம்பெனியின் அப்பீலும் தள்ளுபடி ஆயிற்று.

வழக்கு முடிந்தது. விஷம் போகவில்லை! கெட்டுப்போன மண்ணைப் புதைத்து, அதன்மேல் நல்ல மண்ணைப் பரப்பினார்கள். அந்த வேலை 2012-ல்தான் முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

காட்மியம் மட்கிப் போகாது. அரிசிக்குள் புகுந்துவிட்டால், வேக வைத்தாலும் அழியாது. ஆகவே வருமுன் காப்பதே வழி.

ஆலைக் கழிவு வாய்க்காலில் கலக்க விடக்கூடாது. பழைய பாட்டரிகளை வயலிலும் குப்பைமேட்டிலும் எறியக்கூடாது. உரச் சத்தை மட்டும் பார்க்கும் மண் சோதனையில் காட்மியம் தெரியாது. ஆலை, சுரங்கம் உள்ள இடங்களில் அதற்கென்று தனியாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

இலை வெளுத்தால், "உரம் போதவில்லை" என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். "பயிர் கெடுகிறது" என்று விவசாயி சொன்னால், அதிகாரிகள் உடனே காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

பயிரின் முறையீட்டைக் கேட்காவிட்டால், பிறகு மனிதர்களின் கதறலைக் கேட்க வேண்டி வரும்!