நம் கைக்கருவிகளுக்கு ஆங்கிலப் பெயர்கள்



சென்ற இதழில் சமையலறைச் சாமான்களைப் பார்த்தோம். இம்முறை காட்டுக்குப் போவோம்.

முதலில் நான் கண்ட ஒன்று. மருந்தடிக்கும் ஓர் அம்மாள், "பம்பு கெட்டுப் போச்சு" என்று மண்டோரிடம் சொன்னார். அவர் 'ஸ்பிரேயர் ஸ்பாயில்ட்' என்று சீட்டு எழுதினார். ஸ்டோரில் நுனியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒழுகியதோ தொட்டி! இரண்டு நாள் மருந்து முதுகில் வழிந்து தோல் வெந்துவிட்டது. மூன்றாம் நாள் பள்ளியில் படிக்கும் மகள் 'டேங்க் லீக்கிங்' என்று எழுதிக் கொடுத்தாள். அன்றே வேறு பம்பு வந்தது.

ஆகவே கருவியின் பெயர் மட்டும் போதாது. அதன் உறுப்புகளின் பெயரும் தெரிய வேண்டும்.

பால்மரத்தில் தொடங்குவோம். பால்வெட்டுக் கத்தி 'டாப்பிங் நைஃப்'. எழுதும்போது 'நைஃப்' என்பதற்கு முதல் எழுத்து 'கே'. வாயில் அது வராது. பட்டையில் செருகும் தகரத் துண்டு 'ஸ்பவுட்'. மங்கு 'கப்'. மங்கைத் தாங்கும் கம்பி 'ஹேங்கர்'. வாளி 'பக்கெட்'. மங்கிலேயே உறைந்த கட்டிப்பால் 'கப் லம்ப்'.

மண்வெட்டியைப் பிள்ளைகள் பலர் 'ஸ்பேட்' என்று எழுதுகிறார்கள். அது சரியன்று. ஓங்கி வெட்டி நம் பக்கம் இழுப்பது 'ஹோ'. காலால் மிதித்து மண்ணில் இறக்குவதுதான் 'ஸ்பேட்'. மணலை அள்ளிப் போடுவது 'ஷவல்'. மண்வெட்டிக்குரிய மலாய்ச் சொல்லான 'சங்கோல்' என்பதையே நம் நாட்டு ஆங்கிலத்தில் சொல்வதும் உண்டு.

செம்பனைக்கு வருவோம். குட்டை மரத்தில் குலை வெட்டும் உளி 'சிசல்'. முதல் ஒலி 'பச்சை'யில் வரும் 'ச்' போன்றது. உயர்ந்த மரத்துக்கு நீண்ட கழியில் பொருத்தும் அரிவாள் 'சிக்கிள்'. இதன் முதல் ஒலி 'சாமி'யில் வருவது. பழக்குலை 'பஞ்ச்'. உதிரிப்பழம் 'லூஸ் ஃபுரூட்'. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி 'வீல்பேரோ'.

இனி மருந்துப் பம்பு. இதற்கு 'நாப்சாக் ஸ்பிரேயர்' என்று பெயர். இங்கும் முதலில் ஓசையில்லாத 'கே' நிற்கும். தொட்டி 'டேங்க்', மூடி 'லிட்', தோள்வார் 'ஸ்டிராப்', வளையும் குழாய் 'ஹோஸ்', கையில் பிடிக்கும் நீண்ட குழாய் 'லான்ஸ்', மருந்து தெறிக்கும் நுனி 'நாசில்'. 16 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அத்தனையும் முதுகில் இருக்கும்போது எந்த உறுப்பு ஒழுகுகிறது என்று சொல்லத் தெரிவது உடம்புக்கு நல்லது. நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். தண்ணீர் விட்டு, மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்யுங்கள்.

மருந்து டப்பாவின் மேல் உள்ள சில சொற்களையும் அறிந்துகொள்ளுங்கள். 'பாய்சன்' என்றால் நஞ்சு, மலாயில் 'ராச்சூன்'. 'கிளவ்ஸ்' கையுறை. 'மாஸ்க்' மூக்கையும் வாயையும் மூடும் கவசம். 'கீப் அவே ஃபிரம் சில்ட்ரன்' என்றால் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்று பொருள். கொடிய நஞ்சான பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக மற்ற களைக்கொல்லிகளைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மிச்ச மருந்தைச் சோடா போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. அந்தப் போத்தலில் 'பாய்சன்' என்று எழுதியிராது. பிள்ளை எத்தனை மொழி படித்திருந்தாலும் அதைச் சோடா என்றே நினைத்துக் குடித்துவிடும்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் பிள்ளையை அருகில் அழையுங்கள். கழுவி வைத்த கத்தியையோ வாளியையோ காட்டி, தமிழ்ப் பெயரையும் அதைப் பயன்படுத்தும் விதத்தையும் நீங்கள் சொல்லுங்கள். ஆங்கிலப் பெயரைப் பிள்ளை சொல்லட்டும். நாளுக்கு மூன்று சொற்கள் போதும். ஒரு வாரத்தில் உங்களுக்கு இருபத்தொரு ஆங்கிலச் சொற்கள் வந்துவிடும். பெற்றோர் செய்யும் வேலை என்ன என்பது பிள்ளைக்கும் விளங்கும்.

அடுத்த இதழில் ஆஸ்பத்திரியில் பேசத் தேவையான சொற்களைப் பார்ப்போம்.