அனுப்புறதுக்கு முன்னாடி அளவைப் பாருங்க!

செமஸ்டர் தேர்வு நெருங்கினாலே வகுப்புக் குழுவில் ஒலிப்பதிவுகள் வந்து குவியும். ரிவிஷன் வகுப்பு, கெஸ்ட் லெக்சர், சீனியர் சொன்ன முக்கியக் கேள்விகள்... பதிவு செய்து பகிர்கிற எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வேணும். ஆனா ஒரு கேள்வி: அனுப்புறதுக்கு முன்னாடி அந்தக் கோப்பு எத்தனை எம்.பி.ன்னு பார்த்தீங்களா?

கணக்குப் போட்டுப் பாருங்க. சிடி தரத்தில் உள்ள வேவ் கோப்பில் நொடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், அதுவும் இரண்டு சேனல். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். ஒரு மணி நேர வகுப்புக்கு 635 எம்.பி.! ஹாஸ்டல் வைஃபையில் இருக்கிறவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனா ஊரில், நொடிக்கு 1 மெகாபிட் மட்டுமே கிடைக்கிற சிக்னலில் இருக்கிற நண்பருக்கு? இறக்கி முடிக்கவே 85 நிமிடம் ஆகும். வகுப்பே அதுக்குள்ள முடிஞ்சிடும். அன்றைய டேட்டாவில் பெரும்பங்கும் காலி.

அதே பதிவை மோனோவாக்கி, ஓபஸ் வடிவத்தில் நொடிக்கு 24 கிலோபிட் என்று மாற்றினால் சுமார் 11 எம்.பி.தான். அதே சிக்னலில் ஒன்றரை நிமிடத்தில் இறங்கிடும்.

"தரம் போயிடுமே?" என்று கேட்கலாம். பாட்டு என்றால் நியாயமான கவலை. இது பேச்சு. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அதிலேயே ஊர்க்கதை முழுக்கப் பேசினோம். 2012இல் தரநிலையான ஓபஸ், 24 கிலோபிட்டில் அதைவிட அகலமான ஒலியைத் தரும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் நாம தினமும் கேட்கிறதும் ஓபஸ்தான். ஒரே மைக்கில் பதிவான ஒரே குரலுக்கு ஸ்டீரியோவும் தேவையில்லை.

இதுக்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். பழைய போனில் ஓபஸ் ஓடாதுன்னு தோணினா, மோனோ எம்பி3, 64 கிலோபிட். அதுவும் 29 எம்.பி.க்குள் அடங்கும். மூலப் பதிவை மட்டும் உங்ககிட்ட பத்திரமா வெச்சுக்கோங்க, ஏன்னா வெட்டிய ஒலி திரும்ப வராது. 64இல் இருப்பதை 320க்கு மாற்றினால் கோப்புதான் பெருக்கும், தரம் ஏறாது. எம்பி3 கோப்பை ஜிப் பண்ணியும் பெரிய பயன் இல்லை. அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது.

சுருக்குவது கேட்கிறவர் வேலை இல்லை, அனுப்புறவர் வேலை. நீங்க ஒருமுறை செய்தால், வகுப்பில் இருக்கும் 60 பேரும் 60 முறை மிச்சப்படுத்துவாங்க. சிக்னல் கோடு ஒன்றே ஒன்று காட்டுகிற ஊரிலிருந்து படிக்கிறவரும் அந்த 60 பேரில் ஒருவர்தானே? அவர் கைக்குப் போய்ச் சேராத பதிவு எவ்வளவு தெளிவா இருந்து என்ன பயன்?