தரமிறக்கம் என்று யார் சொன்னது?

சென்ற வாரம் கருத்தரங்கு ஒன்றில், தாராவியின் பழுதுநீக்கும் கடைகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். பழைய பிஎஸ்பி கையடக்க விளையாட்டுக் கருவியின் ஃபர்ம்வேரை முந்தைய பதிப்புக்குத் திருப்பும் வேலையை அதில் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, “திருட்டுக்குத் துணைபோகும் கைவேலையை அறிவு என்று அழைக்கலாமா?” என்று கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. விடையளிக்க எனக்கு இரண்டு நிமிடங்களே தரப்பட்டன. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்தி. சோனி நிறுவனத்தின் பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் முதற்பதிப்பான 1.00, நிறுவனத்தின் கையொப்பம் பெறாத நிரல்களையும் தடையின்றி இயக்கியது. 1.50இல் சிறு தந்திரத்தால் அது இயன்றது. 2005இல் வந்த 2.00, ஒரு கையில் இணைய உலாவியை நீட்டி மறு கையால் அந்த வாயிலைச் சாத்தியது. புதிய விளையாட்டு வட்டுகள் புதிய பதிப்பைக் கேட்டன. ஏற்றியவர் திரும்ப வழியில்லை. பழைய பதிப்பை நிறுவக் கருவியே மறுத்தது. அதே ஆண்டில் டிஃப் படக்கோப்பைக் கருவி வாசிக்கும் முறையிலிருந்த பிழையொன்றைக் கொண்டு 2.00இலிருந்து 1.50க்குத் திரும்பும் வழியை ஆர்வலர்கள் கண்டனர்.

இதைத்தான் ‘தரமிறக்கம்’ என்கிறோம். இச்சொல்லை நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்டோம். ஒரு கருவி நேற்றுச் செய்த வேலையை இன்று செய்யவில்லை. அதற்குப் பெயர் மேம்பாடு. அந்த வேலையை அதற்கு மீட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் இறக்கம். இது யாருடைய அளவுகோல்? 2010 ஏப்ரல் 1 அன்று பிளேஸ்டேஷன் 3இன் 3.21 பதிப்பு, அக்கருவியில் லினக்ஸ் நிறுவும் வசதியை நீக்கியது. விளம்பரத்தில் காட்டி விற்ற வசதி அது. புதிய பதிப்பை ஏற்காதவருக்கு இணையவழி விளையாட்டு இல்லை. விற்ற பொருளின் ஒரு பகுதியை விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்வதை எந்த அகராதி ‘மேம்பாடு’ என்று எழுதும்? சொல்லாய்வைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் சொல்லைக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை என்பது வியப்பு.

அடுத்தது ‘கைவேலை’. 2007இல் ‘பண்டோரா மின்கலம்’ என்ற முறை வெளிப்பட்டது. பிஎஸ்பியின் மின்கலத்தினுள் சிறு நினைவகச் சில்லு ஒன்று உண்டு. அதில் ஒரு தொடர் எண் இருக்கும். அந்த எண் ஒரு குறிப்பிட்ட மதிப்பில் அமைந்தால், கருவி தன் உள்நினைவகத்தை விட்டுவிட்டு, அதற்கென ஆயத்தம் செய்த நினைவட்டையிலிருந்து தொடங்கும். எண்ணை நிரல்வழி மாற்றலாம். சில்லின் ஒரு காலைத் தூக்கியும் அதே விளைவைப் பெறலாம். செயலற்றுப்போன கருவிகளும் இதனால் உயிர்பெற்றன. கவனியுங்கள், இந்த வழி நிறுவனத்தின் பணியாளர்கள் பழுதுநீக்குவதற்காக நிறுவனமே அமைத்தது. அவர்கள் செய்தால் அது சேவை. தொண்ணூறு அடிச் சாலைச் சந்தில் பற்றவைப்புக்கோலுடன் அமர்ந்திருப்பவர் செய்தால் அது திருட்டு. இரண்டுக்கும் இடையே தொழில்நுட்பத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. 2008இல் வந்த பிஎஸ்பி 3000 இந்த வழியை அடைத்தது.

திருட்டே நடக்கவில்லை என்று நான் வாதிடவில்லை. அந்தக் கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நகலெடுத்த விளையாட்டுகளுக்காகவே வந்தனர். ஆனால் ஒரு வழியைச் சிலர் தவறாகப் பயன்படுத்தினர் என்பதால் வழியே குற்றமாகுமா? நம் கல்வியுலகம் ஒளிநகல் கடைகளால் வளர்ந்தது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் நகலகத்தின் மீது 2012இல் பன்னாட்டுப் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தபோது, அறிவின் பெயரால் நாம் கொதித்தெழுந்தோம். 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் நகலகத்தின் பக்கம் நின்றபோது மகிழ்ந்தோம். சரியே. ஆனால் நமக்குத் தேவைப்படும் நகல் கல்வியுரிமை. தாராவிச் சிறுவனுக்குத் தேவைப்படும் கருவி மட்டும் திருட்டா?

சட்டமும் பேராசிரியர் நினைத்தபடி இல்லை. 2012 திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பக் காப்பை உடைப்பவரையே தண்டிக்கிறது. நோக்கம் இங்கே நிறுவப்பட வேண்டிய ஒன்று. 52ஆம் பிரிவோ நிரலொன்றின் இயக்கத்தை ஆராய்ந்தறிவதற்கு விலக்கே அளிக்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் கடுமையானது. அங்கே மூன்றாண்டுக்கொருமுறை விலக்குக் கேட்டு மனுச்செய்ய வேண்டும். நம் நாட்டுச் சட்டம் தராத குற்றப்பட்டத்தை நம் கருத்தரங்குகள் ஏன் வழங்குகின்றன?

பழைய பதிப்பில் பாதுகாப்புக் குறைகள் உண்டு என்பது நேர்மையான மறுப்பு. வங்கிக் கணக்கைச் சுமக்கும் கைப்பேசிக்கு அது பொருந்தும். அங்கேயும் பாதுகாப்புத் திருத்தத்தையும் வசதிப் பறிப்பையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவது நிறுவனம்தான். பிரித்துக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு இல்லை. 2005 அக்டோபரில் பதிப்பைத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பரவிய ஒரு போலிக் கோப்பு, பிஎஸ்பியின் முறைமைக் கோப்புகளை அழித்துக் கருவியை உயிரற்ற செங்கல்லாக்கியது. நேர்வழியை மூடியதன் விலை அது. பழைய பதிப்புகளை நிறுவனமே வெளியிட்டிருந்தால் முகமறியாதவர் தந்த கோப்பை எவரும் நாடியிருக்கமாட்டார்.

இந்த விவாதத்தில் நான் நடுநிலையாளன் அல்லன். பள்ளி நாட்களில் எங்கள் வீட்டில் கணினி இல்லை. அப்பா ஒரு பழைய பிஎஸ்பியை வாங்கி வந்தார். யாரோ அதைப் புதிய பதிப்புக்கு ஏற்றியிருந்தார்கள். அதை 1.50க்குத் திருப்பித் தந்தவர் எங்கள் தெருவில் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர். “விளையாட்டு இருக்கட்டும் தம்பி, இதுல நீயே எழுதினதும் ஓடும்” என்று சொல்லி, லுவா மொழி நிரல்களை இயக்கும் செயலியையும் ஏற்றித் தந்தார். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நிரலாக்க நூலை வைத்துக்கொண்டு, இணைய மையத்தில் தட்டச்சு செய்து, நினைவட்டையில் எடுத்துவந்து இயக்கினேன். பெருக்கல் வாய்பாடு திரையில் ஓடியது. செம்பூர் விடுதி அறையில் இன்று இதை எழுதும் ஆய்வு மாணவன் அங்கிருந்து வந்தவன். அந்த அண்ணாச்சியின் வேலைக்கு அறிவு என்ற பெயரைத் தர மறுத்தால், என் பட்டத்துக்கும் அப்பெயர் பொருந்தாது.

2014இல் பிஎஸ்பி ஏற்றுமதி முடிந்தது. 2021 ஜூலையில் அதற்கான இணையக் கடையும் மூடப்பட்டது. கைவிட்ட பிறகும் பூட்டு மட்டும் நீங்கவில்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்குக் குழு அமைத்து, ஓர் இணையவாயிலும் திறந்தது. திருகாணியும் உதிரிபாகமும் மட்டும் பழுதுநீக்கமாகா. மென்பொருளும் அதில் சேர வேண்டும். ஆதரவை நிறுத்தும் நாளிலேயே எல்லாப் பதிப்புகளையும் வெளியிட்டு, விரும்பியதை நிறுவும் உரிமையை உடைமையாளரிடம் ஒப்படைக்க நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

நம் பங்குக்கும் ஒன்று உண்டு. இந்தக் கைகளுக்கு வயதாகிறது. அவர்கள் அறிந்தது எந்த நூலகத்திலும் இல்லை. அவர்களின் இசைவோடு, அவர்களின் பெயரிலேயே அதைப் பதிவு செய்யுங்கள். அடுத்த கருத்தரங்கில் சிரிப்பதற்கு முன்பு ஒருமுறை அந்தச் சந்துக்குள் வாருங்கள். நான் அழைத்துச் செல்கிறேன்.