ஊதல் ஊதுபவருக்கு மார்க் போடுவது யார்?

தவறான தீர்ப்பு சொல்லிவிட்டோம் என்று தெரிந்ததும் உயிரையே விட்டான், சிலப்பதிகாரத்தில் வரும் பாண்டிய மன்னன். அவன் ஆண்ட ஊர் மதுரை.

அதே மதுரையில், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில், 2025-ம் ஆண்டு ஜூனியர் உலகக் கோப்பை ஆக்கி ஆட்டங்கள் நடந்தன. சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்திய அந்தப் போட்டிக்கு 24 அணிகள் வந்தன.

ஆட்டக்காரர் தவறு செய்தால் தண்டனை உண்டு. பச்சை அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே நிற்க வேண்டும். மஞ்சள் அட்டை என்றால் குறைந்தது 5 நிமிடம். சிவப்பு அட்டை என்றால் அன்றைய ஆட்டமே போய்விடும்.

நடுவர் தவறு செய்தால்?

நடுவருக்கும் பரீட்சை!

மைதானத்தில் 2 நடுவர்கள் நிற்கிறார்கள். ஆளுக்குப் பாதி மைதானம். பெரிய போட்டிகளில் வீடியோ நடுவரும் உண்டு. இவர்களைக் கவனிப்பதற்கென்றே "நடுவர் மேலாளர்" ஒருவர் இருக்கிறார். அவருடைய கண் பந்தின் மேல் இல்லை, நடுவரின் மேல்! சரியான இடத்தில் நின்றாரா? நேரத்தில் ஊதினாரா? இரண்டு அணிக்கும் ஒரே அளவுகோலா?

ஆட்டம் முடிந்ததும் நடுவர்களுடன் உட்கார்ந்து குறை நிறைகளைப் பேசுகிறார். நன்றாகச் செய்தவர்களுக்கு அரை இறுதி, இறுதி ஆட்டங்கள் கிடைக்கும். சறுக்கியவர்களுக்குக் கிடைக்காது. அதுதான் தண்டனை!

ஆனால், சொந்த நாட்டு அணி இறுதிக்கு வந்துவிட்டால், எவ்வளவு திறமையான நடுவரும் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே, ஒருவர் ஏன் நிற்கவில்லை என்பது பார்ப்பவர்களுக்குப் புரியாது.

ஓடாத கடிகாரம்

2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டு. பெண்கள் அரை இறுதியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 1-1 என்று சமமாக நின்றன. பெனால்டி ஷூட் அவுட்டில் ஆஸ்திரேலியாவின் முதல் முயற்சியை இந்திய கோல் கீப்பர் சவிதா தடுத்துவிட்டார். "கடிகாரம் ஓடவில்லை, மறுபடியும் ஆடுங்கள்" என்றார்கள். இரண்டாம் முறை கோல் விழுந்தது. இந்தியா 0-3 என்று தோற்றது. சர்வதேச ஆக்கி சம்மேளனம் மன்னிப்புக் கேட்டது. போன ஆட்டம் திரும்பி வரவில்லை.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக். பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில் அமித் ரோகிதாசுக்குச் சிவப்பு அட்டை. 10 பேருடன் ஆடியே இந்தியா வென்றது. ஆனாலும் நடுவர்களின் தீர்ப்புகள் ஒரே சீராக இல்லை என்று ஆக்கி இந்தியா புகார் கொடுத்தது. ரோகிதாசுக்கு மேலும் ஒரு ஆட்டம் தடை. அப்பீலும் தள்ளுபடி. அவர் இல்லாத அரை இறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோல்வி.

ஆட்டக்காரரின் தண்டனை உலகத்துக்கே அறிவிக்கப்பட்டது. நடுவர் வாங்கும் மார்க்கை இப்படி அறிவிக்கும் வழக்கம் இல்லை.

என்ன செய்யலாம்?

மார்க்கை வெளியிட்டால் நடுவர்கள் பயந்து போவார்கள், கூட்டம் வசை பாடும் என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். வேறு வேலை பார்த்துக்கொண்டே ஊதல் பிடிப்பவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். யானைக்கும் அடி சறுக்கும்.

ஆகவே, பெயர் வேண்டாம். எந்தத் தீர்ப்பு தவறு, ஏன் தவறு என்பதை மட்டும் சொல்லட்டும். தோற்ற அணிக்கு ஆறுதல் கிடைக்கும். கோவில்பட்டி கரிசல் மண்ணில் இன்று ஊதல் பிடிக்கும் இளைஞருக்குப் பாடமும் கிடைக்கும்.

பாண்டியனைப் போல யாரும் உயிரை விட வேண்டாம். "தவறிவிட்டோம்" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும்!